கோள் என்பதன் இலக்கணம்

கோள் என்பது கொள் என்னும் முதனிலை நீண்டு நின்ற தொழிற்பெயர். கிரகம் என்னும் வடசொல்லும் பற்றுதல் என்னும் பொருளதே. இப்பொருள் பற்றி ஞாயிறு முதற் சனி ஈறாகிய எழுவரும், இராகு கேதுக்களும் ஆக ஒன்பதும் கோள்கள் எனப்பட்டன. கோளறு பதிகத்து எண்ணப்பட்டனவும் இவையே. இவற்றுள் இராகு கேதுக்களைத் திங்களின் வழியும் ஞாயிற்றின் தோற்றவழியும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்கள் என்பர் வானநூலார்.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயிற் சொற்பொழிவில் யாம், "நம் முன்னோர் கண்ட ஒன்பதென்னும் எண்ணை மேனாட்டார் 1930-இல் புளூட்டோவைக் கண்ட பின்னரன்றோ எய்தினர்" என்று கூறினேம். அவையோர் பெரிதும் மகிழ்ந்தனர். 2006-இல் புளூட்டோ அவ்வரிசையினின்று நீக்கப்பட்டது. "அங்ஙனமாயின் நம் முன்னோர் கூற்றும் எட்டாயிற்றோ?" என்று மாணாக்கர் ஒருவர் வினவ, யாம் விடையிறுக்க மாட்டாது நின்றேம். தவறு எம்முடையதே. எண் ஒத்தமை கொண்டு பொருளும் ஒத்ததெனத் துணிந்தேம். மேனாட்டார் ஒன்பதிற் பூமி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்பன நம் வரிசையில் இல்லை. நம் வரிசையின் ஞாயிறு, திங்கள், இராகு, கேது என்பன அவர் வரிசையில் இல்லை. இருபாலும் ஒத்தன ஐந்தே.

இனி, வானநூலார் இலக்கணத்தை ஆராய்வாம். இலக்கியம் முழுதினும் செல்லாமை அவ்வியாத்தி. இலக்கியமல்லாதவற்றினும் செல்லுதல் அதிவியாத்தி. எங்கும் செல்லாமை அசம்பவம். பருமையே இலக்கணமெனின், வியாழனைச் சுற்றும் துணைக்கோளாகிய கானிமீட் 5,268 கிலோமீட்டர் குறுக்களவுடையது. கோளாகிய புதனோ 4,879 கிலோமீட்டரே உடையது. ஆகலின் அது பொருந்தாது. ஞாயிற்றைச் சுற்றுதலே இலக்கணமெனின், வால்வெள்ளியும் கோளாய் முடியும்.

இவ்விடர் முன்னரே நேர்ந்தது. 1801 சனவரி முதல் நாளன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரிற் பியாசி என்பார், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரிஸைக் கண்டார். அதனைக் கோளென்றே கொண்டனர். 1807-க்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்பனவும் அவ்விடைவெளியிற் காணப்பட்டுக் கோள்வரிசையில் ஏறின. 1845-இன் பின்னர் அத்தகையன மேன்மேலும் வெளிப்படவே, அவற்றைச் சிறுகோள்கள் என வேறு வகுத்தனர். அச்சிறுகோள் மண்டலம் முழுதையும் திரட்டினும் நம் திங்களின் நிறையில் நூற்றில் மூன்று கூறளவே ஆகும். அதிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சீரிஸ் ஒன்றினுடையது. புளூட்டோவுக்கு நேர்ந்ததும் இதுவே. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பாலும் பல பொருள்கள் காணப்பட்டன. 2005-இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் புளூட்டோவினும் நிறை மிக்கதென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆகவே 2006 ஆகஸ்டு 24-இல் பிராக் நகரிற் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியத்தார், ஞாயிற்றைச் சுற்றுதல், தன் ஈர்ப்பால் ஏறக்குறைய உருண்டை வடிவெய்துதல், தன் வழியின் அயலைத் துப்புரவாக்கியிருத்தல் என்னும் மூன்றும் ஒருங்குடையதே கோள் என்றனர். முதலிரண்டும் உடையதாய், மூன்றாவது இல்லாததாய்த் துணைக்கோளும் அன்றாயது குறுங்கோள். சீரிஸும் புளூட்டோவும் ஏரிஸும் இவ்வகையின.

அற்றேல், வியாழன் செல்லும் வழியிலேயே முன்னும் பின்னுமாகத் திரோயச் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கிற் செல்கின்றனவே. வியாழனிடத்து மூன்றாம் அடைமொழி செல்லாது அவ்வியாத்தியாம் பிறவெனின், ஆகாது. அவை அங்கு நிற்பது வியாழன், ஞாயிறு என்னும் இரண்டன் ஈர்ப்புக்கும் அடங்கியே. ஒருவன் ஆணைவழி நிற்போர் அவன் ஆட்சிக்கு இழுக்காகாமை போல என்க. ஆயினும் 'துப்புரவாக்குதல்' என்னும் சொல் இப்பொருளை இனிது விளக்கிற்றென்று எமக்குத் தோன்றவில்லை. 'தன் வழியில் தலைமை பெற்றிருத்தல்' என்றிருப்பின் இத்தடை எழாது. பிற விண்மீன்களைச் சுற்றுவனவற்றிற்கு இது செல்லாதெனின், அத்தீர்மானம் நம் ஞாயிற்று மண்டலம் ஒன்றையே நோக்கி எழுந்தது. ஆகலின் அதுவும் குற்றமன்று.

எம் பழைய சொற்பொழிவைக் குறித்துவைத்துள்ள அன்பர்கள், ஒன்பதென்னும் எண்ணொப்புமை கூறிய பகுதியை அடித்துவிடுவாராக.