வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டா? முதலில் துடைப்போம், பிறகு பிரிப்போம்



பால் கேன், காய்கறி மூட்டை, பூக்கூடை என்று நம் உறுப்பினர்கள் பலருடைய தொழில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் நடக்கிறது. காலையில் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டியிருந்தால் மனசு பதறுகிறது. "இன்ஜினையே பிரிச்சுப் பார்க்கணும்மா" என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் குழுவில் கடன்தான் கேட்க வேண்டும். ஆனால் எல்லா ஒழுக்குக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. எங்கே ஒழுகுகிறது என்று நாமே கண்டுபிடித்தால் பாதிச் செலவு மிச்சம்.

புல்லட் சொல்லும் பாடம்

ஒழுக்குக்குப் பேர்போனது நம் சென்னையில் தயாரான புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். ஆலை திருவொற்றியூரில் இருந்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனாலும் மயிலாப்பூர், அடையாறு பக்கம் அந்த 'டப் டப்' சத்தம் இன்னும் கேட்கிறது.

அந்த வண்டியில் இன்ஜின், இடதுபக்கச் செயின் பெட்டி, கியர் பெட்டி மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். எது குறைகிறது என்று பார்த்தாலே ஒழுகும் இடம் பாதி தெரிந்துவிடும். இன்னொன்று: பல நாள் நிறுத்தி வைத்தால் எண்ணெய் இன்ஜினுக்குள் கீழே இறங்கிவிடும். அளவுக்கம்பியில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மூச்சுக்குழாய் வழியாக வெளியே தள்ளும். அது ஒழுக்கே இல்லை! சில நிமிடம் ஓட்டிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். அதுவும் ஒரு லிட்டருக்கும் குறைவு. சின்னச் சொட்டு என்று விட்டுவிட்டால் எண்ணெய் வற்றி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பெரிய செலவு அங்கேதான் வருகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

1. இன்ஜின் ஆறியதும், அடுப்பு, பீடி நெருப்பு இல்லாத வெளியிடத்தில், சோப்புத் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு அழுக்கைக் கழுவுங்கள். துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

2. சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். கோலமாவு வேண்டாம், அதில் கல்பொடி இருக்கும்.

3. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். புடவை முந்தானையும் கையும் செயினுக்கும் சூடான சைலன்சருக்கும் தள்ளியே இருக்கட்டும்.

4. எண்ணெய் கீழே இறங்கும், காற்றில் பின்னாலும் பரவும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மேலே, எது முன்னால் இருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு.

எங்கே ஒழுகினால் என்ன வேலை?

அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்: பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். புதிது போட்டால் போதும். ரொம்ப இறுக்கினால் மரை போய்விடும்.

பக்க மூடி, மேல் மூடி: முதலில் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேக்கிங் மாற்ற வேண்டும். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. பசையை அள்ளி அப்பவும் கூடாது. பிதுங்கிய பசை உள்ளே போய் எண்ணெய் ஓடும் துவாரத்தை அடைத்துவிடும்.

கியர் லீவர், முன் செயின் பல்சக்கரம்: ஆயில் சீல் போயிருக்கலாம். சீல் மாற்றுமுன் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் ஒழுகும்.

வெளியே ஒழுக்கே இல்லை, எண்ணெய் மட்டும் குறைகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். இதற்குத்தான் பிரிக்கும் வேலை.

பின் சக்கரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. வழுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

சாமான் வாங்கும்போது

சரக்கு வாங்கத் தி.நகர் வருகிறவர்கள் ராயப்பேட்டை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், எழும்பூர் அருகே புதுப்பேட்டையிலும் உதிரிபாகம் வாங்கலாம். பழைய சீலை மாதிரிக்கு எடுத்துப் போங்கள். வண்டி மாடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய சாமானும் விற்கிறார்கள். சீல், பேக்கிங் மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வடித்த எண்ணெயைக் கிணற்றோரமோ ஏரியிலோ கொட்டாமல், கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் எத்தனை வீட்டு வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது?
• வண்டி ரிப்பேருக்குக் கடன் கேட்டால், ஒழுகும் இடத்தைப் பார்த்தாயிற்றா என்று கேட்கிறோமா?
• வாரம் ஒருமுறை எண்ணெய் அளவு பார்க்கும் பொறுப்பு வீட்டில் யாருடையது? அதை நாமே ஏற்றுக்கொண்டால் என்ன?