மணத்தைப் பதிவு செய்ய முடியுமா?

பாட்டி மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய முகம் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. "சாப்பிட்டியாம்மா?" என்று அவர் அனுப்பிய குரல்பதிவை அம்மா இன்னும் கைப்பேசியிலிருந்து அழிக்கவில்லை. அவருடைய மணம் மட்டும் ஒரு பருத்திப் போர்வையில் தங்கியிருந்தது. கோடாலித் தைலம், வெற்றிலை, திருநீறு, சமையற்கட்டுப் புகை எல்லாம் கலந்த மணம் அது. சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அந்தப் போர்வையை நான் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. உலர்ந்த போர்வையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

குரலையும் முகத்தையும் சேமிக்கக் கருவிகள் இருக்கின்றன. மணத்துக்கு ஏன் இல்லை?

ஒலி என்பது அதிர்வு. 1877ஆம் ஆண்டில் எடிசன் அந்த அதிர்வை ஓர் ஊசியின் வழியாகத் தகரத்தாளில் பதித்து, மீண்டும் ஒலிக்கச் செய்தார். நிறத்தை உணரும் உயிரணுக்கள் நம் கண்ணில் மூன்றே வகைதான். அதனால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிப்புள்ளிகளைக் கொண்டே தொலைக்காட்சித் திரை பற்பல நிறங்களைக் காட்டிவிடுகிறது.

மணம் அப்படிப்பட்டதன்று. அது பொருளிலிருந்தே கிளம்பி வருவது. பலாப்பழம் மணக்கிறது என்றால், அப்பழத்தின் மூலக்கூறுகள் சில நம் மூக்கினுள் நுழைந்துவிட்டன என்று பொருள். (குப்பைத் தொட்டிக்கும் இதே விதிதான்!) அம்மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூக்கின் உட்பகுதியில் உள்ளன. அவற்றை உருவாக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் அறிவியலாளர்கள் 1991இல் கண்டறிந்தனர். 2004இல் நோபல் பரிசும் பெற்றனர். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. ஒரே மூலக்கூறு அவற்றுள் பலவற்றைத் தூண்டக்கூடும். ஆகவே, மூன்று அடிப்படை நிறங்களைப் போல மூன்று அடிப்படை மணங்களை வைத்துக்கொண்டு வேலையை முடிக்க முடியாது.

பதிவு செய்யும் பாதி வேலை ஓரளவு நடந்துவிட்டது. நறுமணத் தொழிலில் இருப்பவர்கள் மலரைப் பறிக்காமலே அதன்மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிப் பகுப்பாய்வு செய்கிறார்கள். நாசி லெமாக்கில் இடும் பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் தருவது முதன்மையாக ஒரே மூலக்கூறுதான் என்பதும் பகுப்பாய்வில் தெரியவந்ததே. ஆயினும், கருவி காணத் தவறும் மிகச் சிறிய அளவைக்கூட மூக்கு சில வேளைகளில் கண்டுகொள்ளும்.

மீண்டும் மணக்கச் செய்வது அதைவிடக் கடினம். 1960இல் அமெரிக்காவில் ஒரு திரைப்படம் ஓடும்போதே இருக்கைகளுக்குக் குழாய்வழி மணம் அனுப்பினார்கள். பாட்டை நிறுத்தினால் ஒலி நின்றுவிடும். மணத்தை அப்படி நிறுத்த முடியுமா? அது காற்றில் தங்கும். அடுத்த காட்சியின் மணத்தோடு கலந்துவிடும். அந்த முயற்சி நிலைக்கவில்லை. அண்மையில், 2024இல், அமெரிக்க நிறுவனமான ஒஸ்மோ ஒரு பிளம் பழத்தின் மணத்தைக் கணினியில் பதிந்து மீண்டும் உருவாக்கியதாக அறிவித்தது.

இனி வரப்போகும் கருவியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே மை அச்சுப்பொறியில் இருப்பதுபோல் நூற்றுக்கணக்கான நுண்குப்பிகள். பொத்தானை அழுத்தினால், வேண்டிய அளவு கலந்து ஒரே ஒரு மூச்சுக்கு மட்டும் மணத்தை வெளியிடும். வெளிநாட்டில் படிக்கும் அண்ணனுக்கு, மழை பெய்து ஓய்ந்த எங்கள் வீட்டு வாசலையே அனுப்பலாம். ஆனால், எவ்வளவு சிறந்த கருவியும் துவைத்த போர்வையிலிருந்து எதையும் எடுக்க முடியாது. பாட்டி அருகில் இருந்தபோதே பதிவு செய்திருக்க வேண்டும்.

போன மாதம் நானே முயன்று பார்த்தேன். ஒரு பருத்தித் துணியில் கோடாலித் தைலத்தை இரண்டு சொட்டு விட்டு, திருநீற்றைத் தூவி, கசக்கிய வெற்றிலையைத் தேய்த்தேன். அம்மா முகர்ந்து பார்த்தார். "மருந்துக்கடை மாதிரி இருக்குடா" என்று சிரித்தார். ஆனால், துணியை உடனே கீழே வைக்கவில்லை.