பிடித்த திருடனை என்ன செய்வது?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். நத்தத்தில் முப்பது வீடு இருந்தால், மிச்சமெல்லாம் தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு மட்டும் நான்கு பட்டிகளில் ஆடு போய்விட்டது. எனக்கு ஆறு உருப்படி நட்டம். கிணற்று மோட்டார் ஒயரையும் அறுத்துக்கொண்டு போகிறார்கள். சிவகிரிப் பக்கம் நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் ராத்திரியில் கண் மூடுவதில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். இப்போது பையன்கள் இருபது பேர் முறை வைத்து ராக்காவல் போகிறோம். மாட்டினால் கோயில் வேப்பமரத்தில் கட்டிவைத்து நாலு போட்டு, வீடியோ எடுத்துப் போடுவது என்று பேச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியில் கரண்ட் விட்டிருக்கிறார். கேமரா வைக்கவும் பணம் வசூலாகிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, ‘செலவுக்குக் கொடுத்தால் ஆடு திரும்பி வரும்’ என்கிறார். சட்டப்படி நாங்கள் எதுவரை போகலாம்? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், 2025ல் சிவகிரி அருகே வயதான தம்பதி என்று தோட்டத்து வீடுகளில் கொலை நடந்த வட்டாரம் அது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லாத வீட்டில் எழுபது வயதுக்காரர் படுத்திருப்பது என்ன என்பது நகரத்தில் இருந்து சட்டம் பேசுகிறவர்களுக்குப் புரிவது கஷ்டம். ஆகவே ராக்காவலை விட்டுவிடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. வேப்பமரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பொதுப்பாதையில் ராத்திரி நடப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் போலீஸ் வேலை பார்க்கிற மாதிரி நடக்கக் கூடாது. வழிப்போக்கரின் பையைத் திறந்து பார்ப்பது, ஆதாரைப் பிடுங்குவது, காக்கி போட்டுக்கொள்வது எதுவும் ஆகாது. 1993ல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்பையே, 2020ல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பின் எழுந்த புகார்களை அடுத்து அரசு தடை செய்துவிட்டது. காவலுக்குப் போகிறவர்களின் பெயர், கைபேசி எண் பட்டியலை இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு எந்த அதிகாரமும் வந்துவிடாது. நாளைக்கு யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்தால், நீங்கள் ஒளிந்து திரிந்த கும்பல் அல்ல என்று காட்ட அந்தக் காகிதம் உதவும்.

கையில் டார்ச்சும் விசிலும் போதும், அரிவாள் வேண்டாம். வண்டியை விரட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடர்களைப் புதுக்கோட்டை மாவட்டம் வரை விரட்டிப் போய்த்தான் வெட்டுப்பட்டு இறந்தார். பயிற்சியும் சீருடையும் உள்ளவருக்கே அந்தக் கதி. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112க்கு அழையுங்கள்.

இனி பிடிக்கும் விஷயம். போலீஸ் மட்டும்தான் கைது செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (இந்தப் பெயர் என் நாவிலேயே இன்னும் படியவில்லை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது) பிரிவு 40, சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்யும் உரிமை தருகிறது. ஆனால் அது குறுகலான வாசல். குற்றம் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். அது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் ‘தேடப்படும் குற்றவாளி’ என்று அறிவித்த ஆளையும் பிடிக்கலாம். பட்டிக்குள் இறங்கி ஆட்டைத் தூக்குகிறவனைப் பிடிக்கலாம். ரெண்டு மணிக்குச் சாலையில் நிற்கிறான், கேட்டால் முழிக்கிறான் என்பதற்காகப் பிடிக்க முடியாது. முழிப்பது குற்றமல்ல.

பிடித்த பிறகு, வீண் தாமதம் இல்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இந்த மணிக்கணக்கு இல்லை, இப்போது இருக்கிறது. ‘விடியட்டும், ஊர் கூடட்டும், தலைவர் வரட்டும்’ என்று காத்திருந்தால் ஆறு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். தப்பாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஒரு திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சுற்றி நாலு பேர் நின்றால் போதும். பிடித்த நேரம், இடம், கூட இருந்தவர்கள், அழைத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அபராதம் போட்டு, காலில் விழவைத்து விட்டுவிடும் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

அடித்தால் என்ன நடக்கும் என்பதை நீதிமன்ற வாசலில் நின்று சொல்கிறேன். போலீஸ் அவனை முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அங்கே விபத்துப் பதிவேட்டில் டாக்டர், ‘தெரிந்த நபர்கள் பத்துப் பேர் கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார்’ என்று எழுதுவார். ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட், காயம் எப்படி வந்தது என்று கேட்பார். உங்கள் ஆட்டு வழக்கின் முதல் காகிதமே உங்களுக்கு எதிரான காகிதமாகிவிடும். மரத்தடியில் அடிக்குப் பயந்து ‘நான்தான் எடுத்தேன்’ என்று அவன் சொன்னதை எந்த நீதிபதியும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் எடுத்த வீடியோவோ உங்கள் பையன்களின் முகத்தை வரிசையாக அடையாளம் காட்டும். திருட்டு வழக்கு சாட்சி இல்லாமல் தள்ளுபடியாகி, ஆட்டுக்காரர் மட்டும் எதிர் வழக்கில் முதல் எதிரியாக வாய்தாவுக்கு அலைந்ததை என் தொழிலில் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

பிடிபட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, அந்தக் காரணம் உள்ளே வந்துவிட்டால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதில் முன்ஜாமீன் கிடைப்பது அரிது. உங்கள் வட்டாரத்தில் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத்தவர் ஏராளம். ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவரை, பேச்சு புரியாததால் கள்ளன் என்று பிடித்துவிடுவது மிக எளிது. சாதி, பிறந்த ஊர், மொழி போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 103(2)ன்படி மரண தண்டனை அல்லது ஆயுள். படுகாயப்படுத்தினால் பிரிவு 117(4)ன்படி ஏழு ஆண்டு வரை. 2018 மே மாதம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஊர்க்காரர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கூடினார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘சந்தேக நபர்’ என்று யாருடைய படத்தையும் போடாதீர்கள்.

தற்காப்பு உரிமை வேறு விஷயம். ராத்திரியில் வீட்டை உடைத்து உள்ளே வருகிறவனை எதிர்த்து ஒரு பெரியவர் தன் உயிரைக் காக்க என்ன செய்தாலும் சட்டம் அவர் பக்கம் நிற்க நிறைய இடம் இருக்கிறது. ஆட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறவனின் முதுகில் அடிப்பதற்கு அந்த இடம் இல்லை.

கரண்ட் வேலியை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். விவசாய இணைப்பிலிருந்து கொக்கி போட்டு வேலிக்கு விடுவது மின்சாரச் சட்டத்தில் திருட்டு. அதில் யாராவது செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த வழக்கு. அந்தக் கம்பிக்குத் திருடனும் ஒன்றுதான், விடிகாலையில் பால் கறக்கப் போகும் பெண்ணும் ஒன்றுதான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. உதைத்துத் தள்ளுமே தவிரக் கொல்லாத சோலார் வேலி இருக்கிறது. அதைப் பற்றி வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள்.

இப்போது உங்கள் ரசீது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான சீட்டு, அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே உள்ள திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாகப் புதிய சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் ‘ஆடுகள் காணவில்லை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் தப்பிக்க வழி கொடுத்துவிட்டீர்கள். எத்தனை உருப்படி, கிடாயா பெட்டையா, நிறம், காது அடையாளம், ஒவ்வொன்றும் சந்தையில் என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். ஆறு ஆட்டின் மதிப்பு 5,000ஐ எப்போதோ தாண்டிவிடும். கூரையும் கதவும் உள்ள கொட்டகையிலிருந்து போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள நியாய சன்ஹிதா பிரிவு 305ஐக் கேட்டு வாதிடலாம். திறந்த பட்டி என்றால் அது கஷ்டம். மோட்டார் ஒயருக்கு வாங்கிய பில்லை இணையுங்கள்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டம் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் உறுதிமொழிப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வதும் போலீசின் கடமை. நான்கு பட்டிக்காரர்களும் தனித்தனியாக மனு கொடுங்கள். ஒரே மனுவில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் கணக்கில் ஒரு திருட்டுதான் ஏறும். கணக்கில் ஏறாத ஊருக்கு ரோந்து எதற்கு என்று கேட்பார்கள்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தில் தெருவிளக்கு ஊராட்சியின் கட்டாயக் கடமை. ஆனால் அது வீடுகள் நெருங்கி இருக்கும் பகுதிக்குத்தான். தோட்டத்துப் பாதைகள் அந்த வரம்புக்கு வெளியே விழுகின்றன. பயம் இருப்பதோ அங்கேதான். ஆகவே எந்தத் தடம், எத்தனை கம்பம் என்று தீர்மானத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் தோட்டங்களைப் பட்டியலிட்டு, பீட் போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் அங்கெல்லாம் வைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். தேதியும் நேரமும் அதில் ஏறுவதால், ரோந்து வந்ததா இல்லையா என்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

கேமராவைச் சாலைமுனையில் வையுங்கள். யாருடைய வாசலையும், பெண்கள் குளிக்கும் இடத்தையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் வைத்தவர் மேலேயே வழக்கு வரும். பதிவை எடுத்துக் கொடுக்கும்போது புதிய சாட்சிய சட்டம் பிரிவு 63ன்படி சான்றிதழ் வேண்டும். போனில் திரையைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு, மூலப் பதிவு அழிந்துபோக விட்டுவிடுகிறார்கள். சம்பவம் நடந்தால் உடனே அந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக அந்தப் போன். களவு போன மாட்டைக் காட்டிக் கொடுக்கக் கொடுக்கும் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பேர்; பழைய காவல் முறையில் அது ஊரறிந்த வழக்கம். இன்று, திருடனைப் பிடித்துக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்யாமல், திருட்டுப் பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 252ன்படி இரண்டு ஆண்டு வரை சிறை. பணம் கொடுக்காதீர்கள், அவரைத் திட்டவும் வேண்டாம். எண்ணை அழிக்காமல், அழைப்பு வந்த தேதி, நேரம், சொன்ன தொகை மூன்றையும் எழுதி, புது மனுவோடு சேர்த்து நாளைக் காலையிலேயே ஸ்டேஷனில் கொடுங்கள். உங்கள் ஆடு எங்கே போனது என்று தெரிந்த ஒருவரின் எண் அது.