கீறல் விழுந்த பிளாஸ்டிக் சாளரங்கள்

கொல்கத்தாவில், குறித்த வழித்தடங்களில் பயணிகளைப் பங்கு முறையில் ஏற்றிச் செல்லும் ஆட்டோரிக்ஷாக்களின் முகப்பில் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் கூரைத் துணியின் பின்புறத்திலும், மழைத் திரைகளிலும் ஒளி புகுவதற்காக வைத்துத் தைக்கப்படுவது பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய தாளேயாகும். இத்தாள் மங்கிவிட்டால், மழை பெய்யும் இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி அதன்மேல் வெண்திரைபோலப் பரவும்; வண்டி எவ்வளவு தொலைவில் வருகிறது என்பது புலப்படாது.

தெருப்புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்துள்ளன. மோஸ் அளவையில் அவற்றின் கடினம் 7. சாதாரணக் கண்ணாடியின் கடினம் 5.5 அளவினது. பிளாஸ்டிக் கண்ணாடியினும் மிக மென்மையானது. ஆகவே உலர்துணியால் துடைக்கும்போது துணியே அரமாக மாறிவிடுகிறது. நாள்தோறும் அக்கறையோடு இவ்வாறு துடைப்பவரின் சாளரமே விரைவில் மங்குவது இரங்கத்தக்கது. புழுதி படிந்த திரையைக் கழுவாமல் சுருட்டிக் கட்டுவதாலும் இதே கேடு விளையும்.

மெருகேற்றுமுன் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். வகுப்பறைக்கும் இது ஏற்றது. கீறல்மீது ஒரு சொட்டு நீர் விட்டால் கீறல் பெரிதும் மறையும். கிளிசரின் விட்டால் ஏறக்குறைய முற்றிலும் மறையும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. நீரின் எண் 1.33, கிளிசரினின் எண் 1.47, பி.வி.சி.யின் எண் 1.5-க்குச் சற்று மேல். கீறலை நிரப்பும் பொருளின் எண் பிளாஸ்டிக்கின் எண்ணை நெருங்க நெருங்க ஒளிச்சிதறல் குறைகிறது. எண்ணெய் பூசியதும் தாள் தெளிவதுபோலத் தோன்றுவதும் இதனாலேயே. ஆனால் எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும். சொட்டு விட்ட பின்னும் மங்கலோ மஞ்சளோ நீங்காவிடில், குறை மேற்பரப்பில் இல்லை. வெயிலால் பிளாஸ்டிக்கே சிதைந்துள்ளது. மெருகு பயன்படாது, தாளை மாற்றுவதே வழி.

குறை மேற்பரப்பில்தான் என்றால், தாளை நிழலில் விரித்து, நிறைய நீர் ஊற்றிப் புழுதியைக் கழுவுதல் வேண்டும். பின்னர் மென்மையான சோப்பு நீரைக் கொண்டு கையாலேயே தடவிக் கழுவலாம். விரல் நுனி மணலை உணரும், துணி உணராது. அதன்பின், பிளாஸ்டிக்குக்கென விற்கும் மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் சிறிதளவு எடுத்து, முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தல் நன்று. பசை கீறலை நிரப்புவதன்று; சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துக் கீறலின் விளிம்பை மழுக்குகிறது. எனவே நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் முழுதும் நீங்காது. அழுத்தித் தேய்த்தால் சூடேறித் தாள் இளகும். தையலருகே தாளைப் பின்னாலிருந்து கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். அவை பி.வி.சி.யிலுள்ள நெகிழ்வூட்டியைக் கரைத்துத் தாளை விறைக்கச் செய்யும். அக்ரிலிக் தகட்டிலோ நுண்வெடிப்புகளை உண்டாக்கும்.

தலைக்கவசத்தின் முகமறைப்பும் மோட்டார்க் கார்களின் முகவிளக்கு மூடியும் பெரும்பாலும் பாலிகார்பனேட்டினால் ஆனவை. அவற்றின்மேல் கடினமான காப்புப்பூச்சு இருப்பதுண்டு. மெருகுப் பசை அதனையும் தேய்த்துவிடும். விளக்கு மூடி அன்று பளிச்சிட்டாலும், காப்பிழந்தபின் முன்னினும் விரைவில் மஞ்சளாகும். கீறல் மிகுந்த முகமறைப்பை மாற்றிவிடுவதே தக்கது. அதன் விலையும் பெரிதன்று.