போர்டு ரேட்டில் கணக்குப் போடுங்கள்

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் சலூன் வைத்திருப்பவருக்குத் தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் வசதியே கிடையாது. இங்கே வாடிக்கையாளர் தங்குவதில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் 11 மாதம். பி.ஜி.யில் இருப்பவர்கள் அதற்குள்ளேயே வேலை மாறி ஒயிட்ஃபீல்டுக்கோ மாரத்தஹள்ளிக்கோ போய்விடுவார்கள். போகிறவர்களின் இடத்தைப் புதிய முகங்களால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கியதும் நெருக்கடி இன்னும் கூடியது. ஹொங்கசந்திராவில் விலை குறைவு என்று யாராவது சொன்னால், ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினால் போதும். ஆகவே ஆஃபர் போடுங்கள், தப்பில்லை. நான் கேட்பதெல்லாம் அந்த ஆஃபரின் செலவு யார் பையிலிருந்து போகிறது என்பதைத்தான். நம் தொழிலில் காசை அதிகம் கரைக்கும் தவறு அங்கேதான் நடக்கிறது. செய்கிறவர்கள் பலருக்கு அது தவறு என்றே தோன்றுவதில்லை.

ஸ்டைலிஸ்டுக்கு நம் கடைகளில் சம்பளம் கொஞ்சம், அதற்கு மேல் இன்சென்டிவ். மாத டார்கெட்டைத் தாண்டினால் பில் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேச்சு. ஆஃபர் போட்டதும் பில் பாதியாகிறது, டார்கெட் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கத்திரி பிடிக்கிற நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, கைக்கு வருவது பாதி. இதன் விளைவை வாடிக்கையாளர் தலையிலேயே பார்க்கலாம். கேப்பைக் கட்டுகிற வேகத்திலேயே ஆஃபர் கஸ்டமர் என்று தெரிந்துவிடும். உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலால் கோதிப் பார்ப்பதில்லை. இரண்டு முறை தண்ணீர் ஸ்ப்ரே, அடர்த்தியைக் குறைக்கத் தின்னிங் கத்திரியில் நாலு வெட்டு, மேலோட்டமாக ட்ரையர். பின்பக்கக் கண்ணாடி பிடித்துக் காட்டுவதில்லை. கழுத்து மடிப்பில் முடித்துகள் ஒட்டியபடியே அவர் எழுந்து போகிறார். நடுவில் பேச்சு மட்டும் ஓயாது. முடி ரொம்பக் கொட்டுது மேடம், ஸ்பா பண்ணிக்கலாம். வறண்டு போயிருக்கு, கெரட்டின் பண்ணினா நல்லா இருக்கும். பில்லில் போனதை ஸ்டைலிஸ்ட் வேறு எங்கே ஈடுகட்டுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குறைந்த விலைக்கு முடி வெட்ட வந்தவர், அரை மணி நேரம் நச்சரிப்பைக் கேட்டுவிட்டுப் போனால் அடுத்த மாதம் எதற்குத் திரும்பி வருவார்?

அதனால் நான் பிடிவாதமாகச் சொல்வது இதுதான்: இன்சென்டிவையும் டார்கெட்டையும் போர்டு ரேட்டில், அதாவது போர்டில் எழுதியிருக்கும் முழு விலையில் கணக்கிடுங்கள், பில் தொகையில் வேண்டாம். தள்ளுபடி முழுவதும் முதலாளியின் செலவு. கட்டுப்படியாகாது என்பவர்கள் பேப்பரில் போட்டுப் பார்க்கட்டும். பெண்களுக்கான ஹேர்கட் போர்டில் 500 ரூபாய், இன்சென்டிவ் 20 சதவீதம், ஷாம்பு, டவல், கரண்டுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி இல்லாத நாளில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் மிஞ்சுவது 375. பாதி விலை ஆஃபரில் இன்சென்டிவையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 175. அதே பாதி விலையில் இன்சென்டிவை முழுசாகக் கொடுத்தால் 125தான். பழைய ஒரு தலைக்கு மூன்று தலை வெட்ட வேண்டும். இதைப் பார்த்ததும் பயம் வரும், வரட்டும். ஸ்டைலிஸ்டுக்கு முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருந்தால் எந்த முதலாளியின் கையும் 50 சதவீதம் என்று எழுதாது, 20 என்றுதான் எழுதும். அப்போது 400 ரூபாய் பில்லில் 100 ஸ்டைலிஸ்டுக்கு, 25 செலவுக்கு, 275 கடைக்கு. இன்சென்டிவையும் பாதியாக்கிய ஆஃபரைவிடத் தலைக்கு 100 ரூபாய் கூடுதல், கத்திரி பிடித்தவர் முகமும் வாடவில்லை. 50 சதவீதம் இத்தனை சுலபமாக நம் கண்ணாடிக் கதவுகளில் ஒட்டப்படுவதற்குக் காரணம், அதில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் ஊழியர் கட்டுகிறார் என்பதுதான்.

இதற்கு எதிராக அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்க ஆய்வு. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் உத்பல் தொலாக்கியா 2010-இல், தள்ளுபடிக் கூப்பன் தளமான குரூப்பானில் சலுகை கொடுத்த 150 சிறு தொழில்களை ஆராய்ந்தார். மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாபம். உணவகங்கள் கடைசியிலும் சலூன், ஸ்பாக்கள் மேல் வரிசையிலும் வந்தன. ஆஃபர் விற்க வருகிற மார்க்கெட்டிங் ஏஜென்ட்டுகள் இந்த வரியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: சலுகை லாபத்தில் முடிந்ததா என்பதோடு நெருங்கிய தொடர்பு உள்ள விஷயங்களில் ஊழியர்களின் திருப்தியும் ஒன்று. அடுத்த ஆண்டு 324 தொழில்களிடம் அவர் விசாரித்தபோது, சலுகையில் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் புதியவர்கள் என்று தெரிந்தது. முழு விலை கொடுத்துத் திரும்பி வந்தவர்களோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். ஆக, கூட்டம் சேர்ப்பது தள்ளுபடியால் முடியும். சேர்ந்த கூட்டத்தில் அந்த ஒருவரை இருவராக்குவது நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவரால் மட்டுமே முடியும். அவரது வருமானத்தைக் குறைத்துவிட்டு அதை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

புது வாடிக்கையாளர் வந்தால் ஸ்டைலிஸ்டுக்கும் லாபம்தானே, அவரும் கொஞ்சம் தாங்கட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சொல்பவர்களின் கடையிலேயே இன்னொரு விதியும் இருக்கும்: ஸ்டைலிஸ்ட் வாடிக்கையாளரின் போன் நம்பர் வாங்கக் கூடாது. வாடிக்கையாளர் கடைக்குச் சொந்தம் என்றால் அவரைப் பிடிக்கும் செலவும் கடைக்குத்தானே சொந்தம்? 2019 ஆகஸ்டில் நாடு முழுக்க உணவக உரிமையாளர்கள் ஜொமேட்டோ கோல்டு போன்ற சலுகைத் திட்டங்களிலிருந்து வெளியேறினார்கள். சந்தா பணம் செயலிக்கு, இலவசச் சாப்பாட்டின் செலவு எங்களுக்கா என்பது அவர்கள் கோபம். பெங்களூரிலும் அந்த அலை அடித்தது, நம் சலூன்காரர்களும் அதை நியாயம் என்று சொன்னார்கள். ஸ்டைலிஸ்ட் நம்மிடம் கேட்காமல் இருக்கும் கேள்வியும் அதேதான். 2021 அக்டோபரில் குருகிராமில் வீட்டுச் சேவைச் செயலியான அர்பன் கம்பெனியின் அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் உட்கார்ந்தது கமிஷன் அதிகம், கைக்கு வருவது குறைவு என்றுதான். பிறகு அந்த நிறுவனம் கமிஷனைக் குறைப்பதாக அறிவித்தது. நம் ஊரில் யாரும் கடை முன் உட்கார மாட்டார்கள், சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். 2012 ஆகஸ்டில் தாக்குதல் வதந்திக்குப் பயந்து, சலூன் ஊழியர்கள் உட்பட வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயில் ஏறியபோது இந்நகரின் எத்தனையோ சலூன்களில் நாற்காலி இருந்தது, ஆளில்லை. கத்திரி பிடிக்கிற கை இல்லாமல் இந்தத் தொழிலில் எதுவும் மிஞ்சாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

எப்போது தள்ளுபடி என்பதையும் ஸ்டைலிஸ்டின் பக்கத்திலிருந்தே முடிவு செய்ய வேண்டும். ஆடித் தள்ளுபடியை நாம் ஜவுளிக்கடையைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அங்கே விற்காத சேலை அலமாரியில் இருக்கும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் அதைத் தள்ளிவிட வேண்டும். நமக்கு அலமாரி கிடையாது. செவ்வாய் மதியம் 3 மணிக்குக் காலியாக இருக்கும் நாற்காலி அந்த மணியோடு போயிற்று, ஞாயிறு காலை 11 மணி நாற்காலி போர்டு ரேட்டிலேயே நிரம்பும். செவ்வாயன்று முடி வெட்டக் கூடாது என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, பி.ஜி. பிள்ளைகள் அதைப் பார்ப்பதில்லை. ஆஃபர் அவர்களுக்கு, அந்த நாளுக்கு. கார்த்திகையில் மாலை போட்ட ஆண்கள் 41 நாள் வராதபோதும் கொடுக்கலாம். கார்மென்ட்ஸ் பெண்களுக்குச் சம்பளம் வரும் 7 முதல் 10 தேதிகளில் கொடுப்பது வீண், அப்போது அவர்கள் எப்படியும் வருவார்கள். காலி நேரத்தில் போர்டு ரேட் இன்சென்டிவோடு வருகிற ஒரு தலை ஸ்டைலிஸ்டுக்கு வரவு. ஞாயிற்றுக்கிழமை முழு விலைக்காரரைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பாதி பில்லில் வருகிற தலை அவருக்கு நஷ்டம். 

பக்கத்துக் கடைக்காரர் 99 ரூபாய் போர்டு வைத்தால் என்ன செய்வது? உங்கள் கடையும் மெயின் ரோட்டை விட்டு இரண்டாவது கிராஸில்தான் இருக்கும், மூன்று நாலு நாற்காலிதான் இருக்கும், ஆகவே இந்தப் பயம் உங்களுக்கும் இருக்கும். 99-க்காக உங்களை விட்டுப் போனவர் 89-க்காக அவரையும் விட்டுப் போவார். விலையைக் குறைக்க வேறு நியாயமான வழியும் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது என்பது உண்மை. ஆனாலும் பதிவு பெற்ற கடையில் 590 ரூபாய் பில் 525 ஆகிறது, ஸ்டைலிஸ்டின் இன்சென்டிவில் ஒரு ரூபாய்கூடக் கை வைக்காமல். அதைப் பெரிய எழுத்தில் போர்டில் எழுதுங்கள்.

கடைசியாக எல்லாரும் சொல்வது: இவ்வளவும் கொடுத்த பிறகு ஸ்டைலிஸ்ட் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் கடை போட்டால்? போடலாம், போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி இன்சென்டிவ் கொடுக்கும் கடைகளிலிருந்தும் அப்படிப் போகத்தான் செய்கிறார்கள். அங்கே இன்னும் சீக்கிரமாக, மனக்கசப்போடு. போகும்போது வாடிக்கையாளரிடம் நம் கடையைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்பது, ஆஃபர் மாதங்களில் அவர் சம்பளக் கவரில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. எனவே அடுத்த ஆஃபரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஸ்டைலிஸ்டுகளை உட்காரவைத்து, போர்டு ரேட்டில் அந்த மாதம் அவர்களுக்கு எவ்வளவு வரும் என்பதைப் பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். பிறகு பாம்ப்ளெட் அடிக்கலாம்.