30,000 ரூபாய் ஹெட்போன் வாங்கலாமா? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்



போன மாசம் ஊருக்கு, அதாங்க கல்லாவிக்கு, போயிருந்தேன். பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ஓசூர்ல ஒரு கம்பெனியில பிரஸ் ஷாப் வேலை. கையில வாங்குற சம்பளம் 24,000. தினமும் கம்பெனி பஸ், ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல.

பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து மேஜை மேல வச்சார். வலது பக்கம் ஹிஞ்ச் உடைஞ்சு தொங்குது. செல்லோடேப் சுத்தியிருக்கார்.

"அண்ணா, 30,000 ரூபாய். 14 மாசம்தான் ஆச்சு. சர்வீஸ் சென்டர்ல வாரண்ட்டி முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க. இன்னும் நாலு இஎம்ஐ பாக்கி இருக்கு. இப்ப இன்னொண்ணு வாங்கலாமா, வேணாமா?"

"இருக்கிற கடன் முடியல, அதுக்குள்ள இன்னொண்ணா"ன்னு கேட்கத்தான் வாய் வந்தது. ஆனா அவர் சொன்ன அடுத்த வரி என்னை நிறுத்திடுச்சு. "நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது அது இல்லாம பஸ்ல தூக்கம் வரல அண்ணா."

அது ஆடம்பரம் இல்லை, அவருக்கு ஒரு தேவை. தேவைக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. எதுக்குக் காசு கொடுக்கிறோம், அது எத்தனை நாள் உழைக்கும்னு தெரியாமச் செலவு பண்றதுதான் தப்பு. இன்னைக்குப் பாடம் அதுதான்.

1. விலை ஏறினா சத்தம் நல்லா இருக்குமா?

2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பேஸ், குரல், ட்ரெபிள் எல்லாம் எந்த அளவில் வருகிறது என்பதுக்கும் விலைக்கும் தெளிவான தொடர்பே இல்லை என்பதுதான் அதில் கிடைத்த முடிவு.

அப்போ 2,000 ரூபாய் ஹெட்போனும் 30,000 ரூபாய் ஹெட்போனும் ஒண்ணுதானா? இல்லை. விலை ஏறும்போது நிஜமாகக் கிடைப்பவை வேற:

- நாய்ஸ் கேன்சலேஷன். வெளியே இருக்கும் மைக், சத்தத்தைக் கேட்டு அதுக்கு நேர் எதிரான அலையை உள்ளே உருவாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடிச்சுக்கும். பஸ் இன்ஜின், ஏசி, ஃபேன் மாதிரி விடாம ஓடுற தாழ்ந்த சத்தத்துக்கு இது அபாரமா வேலை செய்யும். திடீர்னு வரும் ஏர் ஹாரன், குழந்தை அழுகை, கண்டக்டர் விசில், இதெல்லாம் ஓரளவு குறையும், முழுசா போகாது. கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.
- காதில் சொகுசு. எடை, குஷன், எவ்வளவு இறுக்கிப் பிடிக்குது என்பது.
- போன் பேசும்போது மைக்கின் தரம்.

இன்னொரு விஷயம். பாட்டு எங்கிருந்து வருது? யூடியூப்ல கேட்டா அந்த ஆடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். எல்டிஏசி கோடெக் 990 கேபிபிஎஸ் வரைக்கும் அனுப்பும்னு பெட்டியில போட்டிருப்பாங்க. உண்மைதான். ஆனா ஐபோன்ல எல்டிஏசி கிடையாது. சின்ன பைப்ல வர்ற தண்ணிக்கு முனையில பெரிய குழாய் மாட்டி என்ன பயன்?

அதனால கடைக்குப் போனா டெமோ பாட்டைக் கேட்காதீங்க. அது ஹெட்போனை அழகா காட்டவே எடுத்தது. உங்க போன்ல, நீங்க நூறு தடவை கேட்ட ஒரு இளையராஜா பாட்டைப் போடுங்க. பேஸ் கிட்டார் தனியா கேட்குதா, இல்லை டம் டம்னு மொத்தமா அமுக்குதா? குரல் முன்னாடி நிக்குதா, பின்னாடி போயிடுதா? 20 நிமிஷம் கழற்றாம போட்டுப் பாருங்க. தலை வலிச்சா அது உங்களுக்கு இல்லை.

2. எது முதலில் உடையும்?

பேட்டரின்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. கணக்குப் போடுவோம்.

லித்தியம் பேட்டரி பொதுவா 300 முதல் 500 முழு சார்ஜ் வரை நல்லா உழைக்கும். பெரிய ஹெட்போன் ஒரு சார்ஜுக்கு 30 மணி நேரம் ஓடும். தினம் 3 மணி நேரம்னா 10 நாளுக்கு ஒரு சார்ஜ், வருஷத்துக்கு 36 சார்ஜ். வெயிலும் வயசும் பேட்டரியைக் கொஞ்சம் தின்னும்தான். ஆனா சார்ஜ் கணக்குல பார்த்தா பல வருஷம் தாங்கும்.

காதுக்குள்ள வைக்கிற சின்ன இயர்பட்ஸ்ல கதை வேற. ஒரு சார்ஜுக்கு 6 மணி நேரம்னு வச்சுக்கிட்டா, அதே பயன்பாட்டுக்கு வருஷத்துக்கு 180 சார்ஜ் வரை போகும். அங்கே பேட்டரிதான் முதலில் சாகும்.

பெரிய ஹெட்போன்ல முதலில் போறது இரண்டு. ஒன்று, இயர்பேட். வியர்வையும் சூடும் பட்டுச் செயற்கைத் தோல் உரிஞ்சு கறுப்புத் தூளா கொட்டும். இது தேய்ற பொருள், பைக் டயர் மாதிரி. மாத்திக்கலாம். இரண்டு, ஹிஞ்சும் தலைப்பட்டையும். இதுதான் பர்ஸை உடைக்கும். நம்ம தம்பிக்கு நடந்தது இதுதான்.

3. சில மாடல்கள், பக்கத்துப் பக்கமா

விளம்பரம் இல்லை நண்பர்களே. யாரும் எனக்குக் காசு கொடுக்கல.

சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ் வரிசை. எக்ஸ்எம்4 2020-ல் நம்ம நாட்டுக்கு 29,990 ரூபாய்க்கு வந்தது. எக்ஸ்எம்5 2022-ல் 34,990. எக்ஸ்எம்6 2025-ல் 39,990. எக்ஸ்எம்4 உள்பக்கமா மடங்கிச் சின்னதாகும். எக்ஸ்எம்5 மடங்காது, கப் மட்டும் திரும்பும், அதனால பெட்டி பெரிசு. எக்ஸ்எம்6-ல் மடிப்பு திரும்ப வந்துவிட்டது. மூன்றுமே 250 கிராம் சுமார், 30 மணி நேர பேட்டரி. டிஃபன் பாக்ஸோட ஒரே பையில திணிக்கிற ஆளுக்கு, மடங்குதா என்பது சத்தத்தை விட முக்கியம்.

சென்ஹைசர் மொமென்டம் 4. 60 மணி நேர பேட்டரி. எடை 293 கிராம்.

போஸ் கொயட்கம்ஃபர்ட் அல்ட்ரா. நாய்ஸ் கேன்சலேஷன்ல பெயர் வாங்கின கம்பெனி. 1978-ல் அமர் போஸ் விமானப் பயணத்துல இன்ஜின் இரைச்சல்ல பாட்டுக் கேட்க முடியாமத்தான் இந்த யோசனையையே ஆரம்பிச்சார். முதல் தலைமுறை மாடல்ல பேட்டரி 24 மணி நேரம்.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ். 2020-ல் 59,900 ரூபாய். இயர்குஷன் காந்தத்துல ஒட்டும், ஒரு நொடியில மாத்தலாம். ஆனா எடை 384 கிராம். இரண்டு மணி நேரம் பஸ்ல போட்டுக்கிட்டுத் தூங்குறது உங்க கழுத்தோட தைரியம்.

ஒயர் இருக்கும் ஸ்டுடியோ ஹெட்போன்கள். சென்ஹைசர் ஹெச்டி 25, 1988-லிருந்து விற்குது. டிஜேக்கள் இன்னைக்கும் அதைத்தான் மாட்டுறாங்க. காரணம், ஒயர், பேட், தலைப்பட்டை எல்லாத்தையும் தனித்தனியா கழற்றி மாத்தலாம். ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ்-ல் ஒயர் கழறும், பெட்டியிலேயே மூணு ஒயர் வரும். பேட்டரி இல்லை, அதனால சாகவும் பேட்டரி இல்லை. நாய்ஸ் கேன்சலேஷனும் இல்லை. உங்க போன்ல ஓட்டை இல்லைன்னா ஒரு சின்ன கன்வெர்ட்டரும் வாங்கணும்.

4. சிஏ கணக்கு: மணி நேரத்துக்கு எவ்வளவு?

தினம் 3 மணி நேரம், மாசம் 25 நாள். மாசத்துக்கு 75 மணி நேரம். கீழே இருக்கும் விலையும் ஆயுளும் உதாரணத்துக்கு, உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

- பட்ஜெட் ஹெட்போன், 2,000 ரூபாய், 12 மாசம் (900 மணி): மணிக்கு 2.20 ரூபாய்
- நடுத்தர நாய்ஸ் கேன்சலிங், 8,000 ரூபாய், 24 மாசம் (1,800 மணி): மணிக்கு 4.40 ரூபாய்
- பிரீமியம், 30,000 + பேட் 2,000 ரூபாய், 36 மாசம் (2,700 மணி): மணிக்கு 11.90 ரூபாய்
- ஒயர் ஸ்டுடியோ, 12,000 + பேட், ஒயர் மாத்த 5,500 ரூபாய், 8 வருஷம் (7,200 மணி): மணிக்கு 2.40 ரூபாய்

கவனிச்சீங்களா? நாலாவது, விலையில் முதலாவதை விட ஆறு மடங்கு. மணிக் கணக்கில் கிட்டத்தட்ட சமம். ரிப்பேர் பண்ண முடியுற பொருளோட மகிமை அது.

இப்ப தம்பியோட கணக்கு. 30,000 ரூபாய், கார்டு இஎம்ஐ, 18 மாசம், 15% வட்டி. மாசம் சுமார் 1,872. வட்டி மட்டும் சுமார் 3,690. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 664. மொத்தம் 34,350 ரூபாய். உழைச்சது 14 மாசம், 1,050 மணி நேரம். மணிக்கு 32.70 ரூபாய்! உடைஞ்ச பொருளுக்கு இன்னும் 7,490 ரூபாய் கட்டணும்.

இதிலிருந்து ஒரே ஒரு விதி எழுதிக்கோங்க:

கடனோட ஆயுள், வாரண்ட்டியோட ஆயுளைத் தாண்டக் கூடாது.

வாரண்ட்டி 12 மாசம்னா இஎம்ஐ அதிகபட்சம் 12 மாசம். 6 மாசம்னா இன்னும் நல்லது. போன், வாட்ச், மிக்ஸி, எல்லாத்துக்கும் இதே விதி.

"நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தா?" வட்டியில்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. வட்டி இருக்கும், அதே தொகையைத் தள்ளுபடியா முன்னாடி கழிச்சுக் காட்டுவாங்க. 30,000 ரூபாய், 6 மாசம், 16% எடுத்துக்கிட்டா உள்ளே ஒளிஞ்சிருக்கும் வட்டி சுமார் 1,350. அது மேல ஜிஎஸ்டி 243. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக நீங்க கூடுதலாகக் கட்டுறது சுமார் 480 ரூபாய். பெரிய கொள்ளை இல்லை, ஆனா நோ காஸ்ட்டும் இல்லை. நேரா பணம் கட்டினா வேற தள்ளுபடி உண்டான்னும் கேட்டுப் பாருங்க.

"வேலைக்குத்தானே வாங்குறேன், வரியில கழிக்கலாமா அண்ணா?" சம்பளக்காரங்களுக்கு முடியாது. புது வரி முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்லயே எல்லாம் அடங்கிடுச்சு.

5. காசை விடப் பெரிய கணக்கு: காது

தம்பிகிட்ட வால்யூம் எவ்வளவு வைப்பீங்கன்னு கேட்டேன். "புல்லுதான் அண்ணா, பஸ் சத்தத்துல வேற எப்படிக் கேட்கும்?"

உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பு அளவு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். 10 டெசிபல் ஏறினா நேரம் பத்துல ஒரு பங்கு! நம்ம தம்பி ஏற்கெனவே பிரஸ் ஷாப்புல எட்டு மணி நேரம் நிக்கிறவர். அதுக்கு மேல பஸ்ல புல் வால்யூம்.

இங்கேதான் நாய்ஸ் கேன்சலேஷனுக்குக் கொடுக்கிற காசுக்கு நியாயம் இருக்கு. வெளிச் சத்தம் குறைஞ்சா பாதி வால்யூம் போதும். ஆனா இதை வேலை நேரத்துல காதுப் பாதுகாப்புக் கருவியா போட்டுடாதீங்க. அதுக்கு இது சோதிக்கப்பட்டதில்லை. ஷாப் புளோர்ல கம்பெனி கொடுக்கிற இயர்பிளக் அல்லது இயர்மஃப் மட்டும்தான். உடைஞ்ச ஹிஞ்சுக்கு ஸ்பேர் கிடைக்கும். காதுக்குள்ள செத்த நரம்பு செல் திரும்ப முளைக்காது.

6. வாங்கும் முன் ஐந்து கேள்வி

1. இயர்பேட் தனியா கிடைக்குமா? என்ன விலை? (வாங்குறதுக்கு முன்னாடியே தேடிப் பாருங்க.)
2. ஹிஞ்ச் பிளாஸ்டிக்கா, உலோகமா? மடங்குமா?
3. சர்வீஸ் சென்டர் ஓசூர், கிருஷ்ணகிரியில இருக்கா, இல்லை பெங்களூரு போகணுமா? ஒரு நாள் சம்பளமும் செலவுதான்.
4. நீட்டித்த வாரண்ட்டியில உடைஞ்சா உண்டா, இல்லை உற்பத்திக் குறைபாடு மட்டுமா?
5. உங்க பெயர்ல ஜிஎஸ்டி பில் கிடைக்குமா?

கடைசிக் கேள்வி சும்மா இல்லை. கீழே போடாம, தட்டாம ஹிஞ்ச் விட்டுப்போச்சுன்னா அதை உற்பத்திக் குறைபாடுன்னு வாதாடலாம். போட்டோ எடுத்து ஈமெயில்ல புகார் கொடுங்க, போன்ல மட்டும் பேசாதீங்க. பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது.

தம்பி என்ன பண்ணினார்?

முதல்ல அந்த ஈமெயிலை நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம். வாரண்ட்டி முடிஞ்சதால முழுசா ஏத்துக்கல. ஹிஞ்ச் மாத்துற செலவுல பாதி குறைச்சுத் தர்றோம்னு பதில் வந்தது. 2,800 ரூபாய். உடனே மாத்தச் சொன்னேன். ஏன்? புதுசுக்கு 30,000 போடுறதை விட, 2,800-ல் இன்னும் ஒரு வருஷம், 900 மணி நேரம் ஓடினா மணிக்கு 3.10 ரூபாய்தான். ஏற்கெனவே போன 34,350 திரும்பி வராது. அதை நினைச்சு முடிவெடுக்கக் கூடாது, இனிமே போடப்போற காசை மட்டும்தான் பார்க்கணும்.

நாலு இஎம்ஐ முடிஞ்சதும் அதே 1,872 ரூபாயை ஆர்டியில போடச் சொல்லியிருக்கேன். 12 மாசத்துல 22,000-க்கு மேல சேர்ந்திடும். அப்ப புது மாடல் வந்து பழைய மாடல் விலை இறங்கியிருந்தா, கையில காசோட போய் வாங்கிக்கலாம். வேணாம்னு தோணினா பணம் அவர்கிட்டயே இருக்கும்.

போகும்போது தம்பி சொன்னார், "வால்யூமைப் பாதி வச்சுப் பார்த்தேன் அண்ணா. மொதல்ல ஒண்ணுமே கேட்காத மாதிரி இருந்தது. நாலு நாள்ல பழகிடுச்சு."

நீங்களும் இன்னைக்கு உங்க ஹெட்போனை எடுத்து, வாங்கின விலையை இதுவரை கேட்ட மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. அந்த எண் உங்களுக்கு நியாயமா பட்டா, தாராளமா பாட்டுக் கேளுங்க. பாதி வால்யூம்ல.