காவல் கூலியும் சர்க்கார் போலீசும்

ஆடலூர் முதலிய கீழ்ப்பழனி மலைக் கிராமங்களுக்கு அடிவாரத்தில் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி முதலிய பாளையங்கள் இருந்தன. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கும்பினியார் வசமானபோது, அங்கே களவைத் தடுக்கக் காவல் என்னும் பழைய ஏற்பாடே வழங்கி வந்தது.

காவல் இருவகைப்படும். ஓர் ஊரின் பயிரையும் களத்தையும் காப்பது ஸ்தல காவல்; பல ஊர்களையும் பாதைகளையும் பாளையக்காரர் காப்பது தேச காவல். குடிகள் இதற்காகத் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுத்தனர். களவுபோன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும். தவறினால் அதன் விலையை ஈடுகட்ட வேண்டும். இந்நிபந்தனையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. ஆயினும் பாளையக்காரர் கை ஓங்கிய இடங்களில் கூலி ஏறிற்று, ஈடு குறைந்தது. கூலி மறுத்த ஊரில் களவு மிகுந்தது. ஆகவே அதனைப் பொற்காலமென்று எண்ணுவதற்கில்லை.

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அண்டைப் பாளையக்காரரை ஒன்றுசேர்த்துக் கும்பினியாரை எதிர்த்தார். 1801-ல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு பிறப்பித்த பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. பாளையக்காரரின் காவல் அதிகாரமும் பறிபோயிற்று. அவர்கள் ஈடுகட்டும் கடமையும் அத்துடன் ஒழிந்தது.

1802-ல் வங்காளத்து மாதிரியில் தரோகாக்களும் டாணாக்களும் நியமிக்கப்பட்டன. சம்பளத்துக்கு வந்த தரோகாவுக்கு ஊரில் யார் யாரென்றே தெரியாது. தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ம் வருஷத்துப் பதினோராவது ரெகுலேஷன் தரோகாக்களை நீக்கி, போலீஸ் வேலையைக் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர், தலையாரி ஆகியோரிடம் ஒப்புவித்தது. சிறு சண்டை செய்தவரைக் கிராமத் தலைவர் 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம்.

ஊரறிந்தவரிடம் வேலை திரும்பியது நன்மையே. ஆனால் ஒரு பெருங்குறை நுழைந்தது. வரி தண்டுபவரே குற்றவாளியைப் பிடிப்பவருமானார். ஐக்கிய சங்கத்தில் பணம் வாங்குபவரே தணிக்கையும் செய்தால் என்ன நேரும் என்பதை அங்கத்தினர் அறிவர். இங்கே பணத்துடன் குடிகளின் உடலும் அகப்பட்டது. 1854-ல் ஏற்பட்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் மறு வருஷம் அறிக்கை வெளியிட்டது. வரிப் பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கிட்டியில் விரல்களை நெரித்தல், குனியவைத்துக் கட்டுதல் போன்ற கொடுமைகள் நடந்தன என்பதை அது எடுத்துக் காட்டிற்று.

பிறகு 1859-ம் வருஷத்து 24-வது ஆக்ட் போலீசை வரி இலாகாவினின்று பிரித்தது. கலகம் அடக்குவதற்கென அயர்லாந்தில் அமைந்த போலீஸ் படையும், அதனைப் பின்பற்றிச் சிந்து தேசத்தில் நேப்பியர் அமைத்த படையும் இதற்கு முன்மாதிரிகள். வில்லியம் ராபின்சன் முதல் தலைவரானார். தலையாரியும் கிராம முன்சீப்பும் நீடித்தனர். முன்சீப் பதவி தமிழ்நாட்டில் 1980-ல்தான் எடுக்கப்பட்டது.

புதிய போலீசுக்கு உடுப்பும் சம்பளமும் விதித்தார்களே யன்றி, களவுபோன மாட்டுக்கு ஈடுகட்டும் கடமையை விதிக்கவில்லை. அதனால் மதுரை ஜில்லாவில் பல ஊரார் சர்க்காருக்கு வரி கட்டிய பின்னரும், அறுவடைக் களத்தில் தனிக் காவற்காரருக்குக் கூலி அளந்து வந்தனர்.